‘அடி இறங்குதல்’: செங்கோட்டை வட்டாரத்து மறைசொல்லும் மகளிர் நோய் வரலாறும்

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்து மூதாட்டியர் தம்முள் உரையாடுங்கால் ‘அடி எறங்கிட்டு’ என்னும் தொடரை யாம் பன்முறை கேட்டுள்ளோம். கருப்பையோ, சிறுநீர்ப்பையோ, மலக்குடலோ தன் நிலையினின்று நழுவிப் பிறப்புறுப்பின் வழியே தாழ்ந்து வருதலை அது குறிக்கும். மூன்று உறுப்புகளையும் ‘அடி’ என்னும் ஒரு சொல்லால் மூடிக் கூறும் இவ்வழக்கு, நன்னூலார் தகுதி வழக்கினுள் அடக்கிய இடக்கரடக்கலின் பாற்படும். அவையில் கூறத்தகாதவற்றை மறைத்துக் கூறும் மரபினைத் தொல்காப்பியரும் வகுத்துள்ளார். இடக்கரடக்கலுக்குக் ‘கால் கழுவி வந்தான்’ என்றாற் போன்றவற்றைக் காட்டுவதோடு நாம் அமைந்துவிடுகிறோம். நோயைக் குறிக்கும் மறைசொற்களுக்கு நம் வகுப்பறைகளில் இடமில்லை. அவைக்கு நாகரிகமாகும் மறைப்பு, மருத்துவர் முன்னிலையில் தடையாக மாறுதல் ஆராயத்தக்கது.

‘அடி’ என்று கேட்ட மருத்துவர் மூலநோய் எனக் கொள்ளவும் கூடும். கூறியவளோ அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லாள். செங்கற்பட்டுப் பகுதியில் 1981 முதல் பணியாற்றிவரும் ஊரகப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைச் சார்ந்தோர் இந்நோயுற்ற பெண்டிரின் பட்டறிவை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரை ஈண்டு நினைக்கத்தகும். நாணத்தால் நோயை மறைத்தபடியே வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்துவந்த பெண்டிரை அதிற் காண்கிறோம்.

இடுப்பெலும்பின் அடியில் தசைகளும் நார்களும் ஒரு தொட்டில்போல் அமைந்து இவ்வுறுப்புகளைத் தாங்குகின்றன. நெடுநேரம் நீளும் பேறும், அடுத்தடுத்த பேறுகளும் அத்தொட்டிலைத் தளர்த்துகின்றன. பேறு முடிந்த சின்னாளிலேயே பளுச்சுமத்தல், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் முதலியன தளர்ச்சியை மிகுவிக்கும். மாதவிடாய் நின்றபின் நோய் வெளிப்படையாகத் தோன்றும். நாற்று நடவும் தலைச்சுமையும் பெண்டிர் தொழிலாக இருந்த செங்கோட்டையில் இச்சொல் வழங்கியதில் வியப்பில்லை.

நோய் பழமையானது, மருத்துவமும் பழமையானதே. சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் மகளிர்க்குரிய நோய்கள் இருபதனுள் இதனையும் வைத்து எண்ணுகிறது. நழுவிய உறுப்பில் நெய் தடவிப் பாலால் ஒற்றடமிட்டு உள்ளே செலுத்துக. வேசவாரம் என்னும் இறைச்சிப் பக்குவத்தால் அடைத்துக் கட்டுக என்பது அந்நூலின் கருத்து. கிரேக்க மருத்துவர் மாதுளங்கனியை இதே பயன் கருதி உள்ளே வைத்தனர். பொருள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: அறுத்தெடாது தாங்கிப் பிடித்தல்.

இனிச் செங்கோட்டையின் ஆட்சி வரலாற்றை நோக்குவோம். 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இவ்வூர் மேற்கு மலைக்கு அப்பாலுள்ள அரசினைச் சார்ந்திருந்தது. 1904இல் திறக்கப்பெற்ற கொல்லம் இருப்புப்பாதை ஆரியங்காவுக் கணவாய் வழியே இதனை மேலைக் கடற்கரையோடு பிணைத்தது. இலண்டனில் மருத்துவம் பயின்ற மேரி புன்னன் லூக்கோஸ் 1916இல் திருவனந்தபுரம் தைக்காட்டு மகளிர் மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றார். மருத்துவச்சியர்க்குப் பயிற்சியளிக்க வழிசெய்தார். 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். இந்தியாவில் அப்பதவியை வகித்த முதற்பெண் அவரே. எனவே அந்நாளில் செங்கோட்டைப் பெண்டிர், பேறுகாலம் அறிந்த ஒரு பெண்மணியின் தலைமையிலமைந்த மருத்துவத் துறையின் கீழ் வாழ்ந்தனர். எனினும் நோயாளி வாய் திறவாதவிடத்துத் துறைத்தலைவர் யாராயினும் என்செய்வார்?

அறுவை முறைகளின் வரலாறு வேறொரு செய்தியைத் தருகிறது. 1888இல் மான்செஸ்டரில் டொனால்ட் தொடங்கிப் பின்னர் பாதர்கில் திருத்திய முறையில் கருப்பை எடுக்கப்படுவதில்லை. அதன் கழுத்தில் ஒரு பகுதி மட்டுமே வெட்டப்படும். அதுவும் பின்வரும் பேறுகட்கு இடையூறாதல் உண்டு. இந்தியாவிலோ மகப்பேற்றுப் பருவத்து இளம்பெண்டிரும் இந்நோய்க்கு ஆளாயினர். ஆகவே பம்பாய் மருத்துவர் சிரோத்கரும் (1899–1971) புரந்தரேயும் கருப்பையையும் கழுத்தையும் காத்து, வாரிட்டுத் தூக்கிக் கட்டும் முறைகளை வகுத்தனர். மேலைநாட்டு முறையை அவ்வாறே கொள்ளாது நம் பெண்டிர் நிலைக்கேற்ப மாற்றியது, மருத்துவ வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத சிறப்பு என்பது எம் கருத்து.

இவ்வளவு வழிகள் இருந்தும், ‘பொறுத்துக்கொள், அன்றேல் கருப்பையை எடுத்துவிடு’ என்னும் இரண்டே விடைகள் ஊர்ப்புறத்தில் நிலவுகின்றன. தொல்லை தராத சிறு இறக்கத்திற்கு மருத்துவமே வேண்டாதிருக்கலாம். 1948இல் அமெரிக்க மருத்துவர் கெகல் வெளியிட்ட தசைப்பயிற்சி, தொடக்கநிலை இறக்கத்தின் தொல்லையைக் குறைக்கும். பெசரி எனப்படும் சிலிக்கோன் தாங்குவளையம் அறுவையின்றியே உறுப்பை நிறுத்தும். ஆயினும் அதனைக் காலந்தோறும் எடுத்துத் தூய்மை செய்து, புண்ணுண்டா எனப் பார்த்தல் வேண்டும். மாதுளையின் வழித்தோன்றலாகிய இவ்வளையத்தைப் பழையது என்று இகழ்வோர் உளர். அவர்கள், புதியதெனப் போற்றப்பட்ட வலைப்பொருளை இந்நோய்க்குப் பிறப்புறுப்பின் வழியே பொருத்துதற்கென விற்பதை 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் நிறுத்தச் செய்ததை அறிதல் நலம். கருப்பையை நீக்கும் அறுவையும் உரியவர்க்கு உரியதே. ஆயினும், தாங்கும் நார்களை வலுப்படுத்தாவிடில் அதன்பின்னும் இறக்கம் மீளலாம். சிறுநீர் முற்றும் அடைபடுதல், மாதவிடாய் நின்றபின் குருதி காணல் ஆகியன நேரின் காலந்தாழ்த்தலாகாது.

அவையல்கிளவி என ஒதுக்கப்பட்ட இந்நோய் ஓர் அவையேறியதும் உண்டு. 2008இல் நேபாள உச்சநீதிமன்றம் கருப்பை இறக்கத்தைப் பெண்டிரின் அடிப்படை உரிமை பற்றிய வழக்காக ஆய்ந்து, அரசு ஆவன செய்யுமாறு ஆணையிட்டது. யாம் உரையாடிய செங்கோட்டை மூதாட்டியருள் ஒருவரும் ‘கருப்பை’ என்னும் சொல்லை வழங்கிற்றிலர்.