இடம் உரைக்கும் சாட்சி

கடனை எழுதிவைக்குமாறும் அதற்குச் சாட்சியர் இருவரை நிறுத்துமாறும் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 282ஆம் வசனம் பணிக்கின்றது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வணிக நம்பிக்கை இத்தகைய சாட்சியத்தின்மீதே எழுந்தது. கடன் கேட்பவர் எவ்வூரினர், எக்குடியினர் என்பதை அறிந்தோர் அருகிலேயே இருந்தனர். ஆளை அறிதலும் அவர்தம் இடத்தை அறிதலும் ஒன்றாகவே இருந்தன எனலாம்.

வங்கிமுறை இவ்விரண்டையும் பிரித்தது. 1939இல் இலங்கை வங்கியும் 1961இல் மக்கள் வங்கியும் தோன்றின. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் வழிவந்த அடையாள அட்டையும் கையொப்பமும் ஊராரின் சாட்சியத்துக்கு ஈடாயின. பின்னர் வந்த பணம் வழங்கும் இயந்திரம் முகத்தை அறியாது. அட்டையையும் இரகசிய இலக்கத்தையுமே அறியும். அவற்றைக் களவாடியவனும் அதற்கு உரியவனேயாவான்.

இந்நிலையில் இடம் மீண்டும் சாட்சியாயிற்று. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து கள்ளக் கட்டளைகளால் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலரோ மீட்கப்பட்டது. பெறுநர் பெயரிலிருந்த எழுத்துப்பிழையும், இலங்கை போன்றதொரு நாட்டுக்கு அத்தொகை அளவிறந்தது என்ற ஐயமும் அதற்குத் துணைநின்றன.

தனியாள் கணக்குகளில் இச்சாட்சியம் இன்னும் நுட்பமானது. ஒருவர் ஒரே வேளையில் ஈரிடத்து இருத்தல் இயலாது. 2010இல் பேஸ்புக் தம் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் வசதியைப் பயனருக்கு அளித்தது. அவ்வறிவிப்பும் அட்டை பயன்பட்ட இடமும் முரண்படின் மோசடியென ஐயுறலாம். 2015இல் வீசா நிறுவனம், வாடிக்கையாளரின் சம்மதத்துடன் கையடக்கத் தொலைபேசியின் இருப்பிடத்தை ஒப்புநோக்கும் சேவையை அறிவித்தது. எனினும் சமூக ஊடகச் சாட்சியம் நிலையானதன்று. 2019இல் டுவிட்டர் துல்லிய இடக்குறிப்பைக் கைவிட்டது.

இக்கரையோர ஊர்களுக்கு இதனால் விளையும் இடர் வேறொன்றாகும். கணவர் டோஹாவிலிருந்து நிழற்படம் வெளியிடுகின்றார். அதே நாளில் மனைவி அவரது அட்டையைக் கொண்டு கல்முனையில் வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்கின்றார். அட்டையைப் பிறரிடம் கொடுத்தல் வங்கி விதிக்கு மாறு; ஆயினும் அது களவன்று. கணிப்பொறிக்கோ இரண்டும் ஒன்றே. கணக்கு முடக்கப்படின் அடுப்பெரிவதும் தடைப்படும். மறுதலையாக, வீட்டிலிருப்பவரைத் தொலைபேசியில் ஏய்த்து இரகசிய இலக்கத்தைப் பெறும் மோசடியில் அவரது இருப்பிடம் யாதொரு முரணையும் காட்டாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பிடத் தரவையும் தனியாளுக்குரிய தரவாகவே கொள்கின்றது. எனவே வாடிக்கையாளரின் சம்மதமின்றி அதனைத் திரட்டுதல் முறையன்று. அதனை மட்டுமே நம்பித் தீர்ப்பளித்தலும் முறையன்று. இடம் ஒரு சாட்சியே. மற்றச் சாட்சி கணக்குக்குரியவரின் வாய்மொழியாகும். முடக்குமுன் அவரை வினவுதல் வங்கியின் கடன்.