அன்னத்தின் அலகில் இல்லாத பூ

ஒரு பிழையை ஒப்புக்கொள்வதற்காக எழுதப்படும் கட்டுரை இது. ஆனால், அந்தப் பிழை எங்களுக்குத் தெரியவந்த இரவைப் பற்றிச் சொல்லாமல், திருத்தத்தை மட்டும் அறிவித்துவிட்டுப் போக மனம் வரவில்லை. வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பிழைக்கு வந்து சேரச் சிறிது நேரமாகும்.

சென்ற மாசி மாதம் மகாசிவராத்திரியன்று நாங்கள் நால்வர் காவிரிக் கரையில் ஒரு சிறிய சோழர் காலத்துக் கோயிலில் விழித்திருக்கச் சென்றிருந்தோம். கோயிலின் பெயரை எங்கள் பழைய கட்டுரையிலும் சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. செப்புத் திருமேனிகள் களவு போகும் காலம் இது, எழுத வேண்டாம் என்று அர்ச்சகர் அன்றே கேட்டுக்கொண்டிருந்தார். பக்தி மேலிட்டுச் சென்றோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பகலில் பலமுறை அளந்தும் படமெடுத்தும் பார்த்த கோயிலை ஓர் இரவு முழுவதும் பார்த்தால் எப்படியிருக்கும் என்ற ஆவலே பெரிது. எங்களுள் இருவர் நோன்பும் இருந்தனர். மற்ற இருவர் கும்பகோணத்தில் பேருந்து ஏறுமுன் இட்லி உண்டதை அவர்களிடம் மறைத்துவிட்டோம்.

இரவை நான்கு யாமங்களாகப் பகுப்பது பழைய வழக்கம். முப்பது நாழிகை கொண்ட இரவில் யாமத்திற்கு ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். சிவராத்திரியில் யாமத்திற்கொரு பூசை. கடிகாரத்தைப் பார்த்தே இரவைக் கழித்துப் பழகிய நமக்கு, ஒரு பூசை முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான அந்த நீண்ட இடைவெளி முதலில் வெறுமையாகத்தான் தோன்றும். முதல் யாமத்தில் ஊரே கோயிலில் இருந்தது. இரண்டாம் யாமம் முடிந்தபோது பிள்ளைகளை உறக்கத்திற்கு அழைத்துச் சென்றவர்கள் திரும்பவில்லை. எஞ்சியவர்கள் இருபது பேர் இருக்கலாம். முகமண்டபத் தூண்களில் சாய்ந்தபடி, சிலர் கண்மூடி, சிலர் உதடசைய அமர்ந்திருந்தார்கள். அந்த வேளையில்தான் எங்கள் பேச்சு இந்த இரவின் வரலாற்றுப் பக்கம் திரும்பியது.

இன்று சைவர்களின் தலையாய இரவு இது. ஆனால், ஏழாம் நூற்றாண்டில் மயிலாப்பூருக்கு வந்த ஞானசம்பந்தர் பூம்பாவையை முன்னிட்டுப் பாடிய பதிகத்தைப் பாருங்கள். அவ்வூரில் கொண்டாடப்பட்ட விழாக்களைப் பாட்டுக்கு ஒன்றாக அடுக்குகிறார் அவர். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஆண்டு நகர்கிறது. மாசிக்குக் கடலாட்டுத்தான் வருகிறது, சிவராத்திரி வரவில்லை. இதை வைத்துக்கொண்டு, அக்காலத் தமிழகம் சிவராத்திரியை அறியாது என்று நண்பர் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். ஒரே ஓர் ஊரின் விழாக்கள் ஒரே ஒரு பதிகத்தில் பேசப்படுவதைக் கொண்டு அவ்வளவு தூரம் போகலாமா என்று மற்றவர்கள் தடுத்தோம். விவாதம் சற்று உரக்கவே நடந்தது. தூணோரம் கண்மூடியிருந்த பெரியவர் ஒருவர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினோம்.

அந்தப் பதிகத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. சம்பந்தர் பதிகங்கள் பலவற்றில் எட்டாம் பாட்டு இராவணனுக்கு, ஒன்பதாம் பாட்டு நான்முகனுக்கும் திருமாலுக்கும் என்று ஓர் ஒழுங்கு உண்டு. மயிலாப்பூர்ப் பதிகத்தின் ஒன்பதாம் பாட்டும் அவ்விருவராலும் உணர முடியாத மூர்த்தியையே பேசுகிறது. ஆக, இன்று சிவராத்திரியோடு நாம் பிணைத்துச் சொல்லும் அடிமுடி தேடிய கதை அங்கே இருக்கிறது, இரவு மட்டும் இல்லை! அதே கதையைத் திருவண்ணாமலை கார்த்திகைத் தீபத்தோடு சேர்த்துக்கொண்டதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கதை ஒன்று, இரவுகள் இரண்டு. தமிழில் சிவராத்திரிக்கெனவே எழுந்த நூல்கள் பிற்காலத்தவை. சிதம்பரத்தில் வாழ்ந்த மறைஞான சம்பந்தர் 16ஆம் நூற்றாண்டில் இந்நோன்பைப் பற்றிக் கற்பம் செய்தார். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்து வரத பண்டிதர் சிவராத்திரி புராணம் பாடியது அதற்கும் பின்னர்.

கதையும் ஒரே நிலையில் நிற்கவில்லை. அப்பர் இக்கதைக்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். இலிங்க புராணத் திருக்குறுந்தொகை என்பது அதன் பெயர். அதில் தேடிய இருவர் மீதும் அவர் வைக்கும் குறை மிக எளியது. பூப்பறித்து இடவில்லை, பாலும் நெய்யும் ஆட்டவில்லை, இப்படி எந்த எளிய தொண்டும் செய்யாமல் நேரே காணப் புறப்பட்டார்கள் என்பதுதான். பொய் சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கு இல்லை. வடமொழி இலிங்க புராணத்திலும் அன்னமாய்ப் பறந்தவரும் பன்றியாய் அகழ்ந்தவரும் களைத்துத் திரும்புகிறார்கள், அவ்வளவே. சிவ புராணத்தின் வித்தியேசுவர சங்கிதையில்தான் தாழம்பூ வருகிறது. முடியைக் கண்டேன் என்று நான்முகன் சொல்ல, ஆம் என்று சாட்சி சொல்கிறது அந்தப் பூ. காணாதவன் கண்டதாகச் சொன்ன கதையாக அங்கே அது மாறிவிடுகிறது. நம் வீடுகளில் பாட்டிமார் சொல்வது இந்த வடிவத்தைத்தான்.

இனி எங்கள் பிழை.

கல்லில் இக்கதைக்கு நெடிய வரலாறு உண்டு. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவர் எடுத்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் லிங்கோத்பவர் இருக்கிறார். பாண்டிநாட்டுக் குடைவரைகளில் திருமயத்திலும் பிள்ளையார்பட்டியிலும் இருக்கிறார். சோழர் காலத்தில் விமானத்தின் தென்சுவரில் ஆலமர்செல்வரும் வடசுவரில் நான்முகனும் நிலைபெற, மேற்குக் கோட்டம் பெரும்பாலும் இவருக்கென்று ஆயிற்று. தழல்தூண் நடுவே பிளந்து, பிளவுக்குள் இறைவன் நிற்பார். சிற்பிகள் அவர் பாதங்களைக் காட்டமாட்டார்கள். முடியின் உச்சியும் தூணுக்குள் மறைந்துவிடும். கீழே பன்றி நிலத்தை அகழும், மேலே அன்னம் பறக்கும். கதையின் பொருள் எதுவோ அதைக் கல்லிலேயே முடித்துவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோயிலைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரையில், மேற்குக் கோட்டத்து அன்னம் தன் அலகில் தாழம்பூவைப் பற்றியிருப்பதாகவும், சோழர் சிற்பத்தில் அது அரிய காட்சி என்றும் எழுதியிருந்தோம். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஆய்வு மாணவர் ஒருவர் அந்த வரியைத் தம் ஆய்வேட்டில் எடுத்தாண்டிருப்பதாக எழுதியபோது எங்களுக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. உண்மையில் அந்தப் பூவை எங்களுள் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. நாங்கள் சென்றது காலை நேரம். மேற்குச் சுவர் நிழலில் இருந்தது. கோட்டத்தின் மேற்பகுதியில் பல தலைமுறைகளின் எண்ணெய்ப் பிசுக்கும் விளக்குக் கரியும் படிந்திருந்தன. பழைய தலவரலாற்றுச் சிறுநூல் ஒன்றில் பூவைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. அதை நம்பி, கரிக்குள் தெரிந்த ஏதோ ஒரு மேட்டை நாங்கள் பூவாக்கிக்கொண்டோம். நூல் சொன்னது என்றுகூட எழுதவில்லை. கண்டதாகவே எழுதினோம்.

மூன்றாம் யாமத்தில் லிங்கோத்பவருக்குத் திருமுழுக்கு. ஆண்டு முழுவதும் பக்தர்கள் சுற்றில் நடக்கும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடந்துபோகும் அந்தப் பின்சுவர், அந்த ஒரு நள்ளிரவில் மட்டும் கோயிலின் முகப்பாகிவிடுகிறது. எல்லாரும் அங்கே வந்து நின்றார்கள். அர்ச்சகரின் மகன் முக்காலி மேல் ஏறி, வெந்நீரும் சீயக்காயும் கொண்டு மேலிருந்து தேய்த்துக் கழுவினார். கரிய நீர் அரைத்தூண்கள் வழியே வழிந்து தாங்குதளத்தில் இறங்கியது. பிறகு பால், தயிர், தேன், மீண்டும் நீர். ஈரம் காயுமுன் அர்ச்சகர் கைவிளக்கை எடுத்து, நேரே காட்டாமல் கோட்டத்தின் ஓரமாகப் பிடித்தார். பக்கவாட்டில் விழும் ஒளியில் புடைப்புச் சிற்பம் எப்படி உயிர்பெறும் என்பது படமெடுப்பவர்களுக்குத் தெரியும். இறகுகளின் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

அலகு மூடியிருந்தது. அதில் பூ இல்லை. நாங்கள் மேடாகக் கண்டது தழலின் ஒரு கொழுந்து. தூணின் விளிம்பில் சிற்பி வரிசையாகச் செதுக்கியவற்றுள் ஒன்று.

எங்கள் அருகில் நின்ற மூதாட்டி ஒருவர் அந்த விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்தவர். திருமணமாகி இவ்வூருக்கு வந்த நாள் முதல் ஆண்டுதோறும் அவர்தாம் தருகிறாராம். “மேல அது என்னப்பா?” என்று எங்களைக் கேட்டார். அன்னம் என்றோம். “அப்படியா! நான் இத்தனை வருசமா கிளின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் எதையும் எழுதி வெளியிட்டவரல்லர். கிளியென்று நினைத்ததால் யாருக்கும் நட்டமில்லை. எங்களால்தான் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

அர்ச்சகரிடம் மட்டும் விவரத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “பகலில் வந்து ஏணி கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே” என்றார். உண்மைதான். அன்று நாங்கள் கேட்கவில்லை. வரும் வழியில் இன்னும் இரண்டு கோயில்கள் பார்க்க வேண்டியிருந்தது.

நான்காம் யாமத்தில் எங்களுக்குள் பேச்சு இல்லை. கருவறைக்கு எதிரே அமர்ந்திருந்தோம். தியானம் என்று அதைச் சொல்லத் துணிவில்லை. உறக்கம் வந்தது, தலை சாய்ந்தது, மறுபடியும் நிமிர்ந்தோம். புலிக்கு அஞ்சி வில்வ மரத்தில் ஏறி, உறங்கி விழாதிருக்க இலைகளைப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்த வேடனின் கதை நினைவுக்கு வந்தது. திருவைகாவூரில் நடந்ததாக அதைச் சொல்வார்கள். கீழே இலிங்கம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அன்றிரவு அவனைப் போல விழித்திருந்தவர்கள் குமரி மாவட்டத்திலும் இருந்திருப்பார்கள். முஞ்சிறைத் திருமலை முதல் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே வழிபடும் அவர்கள், சிவனுக்குரிய இரவில் கோவிந்தன் பெயரையும் கோபாலன் பெயரையும் சொல்லிக்கொண்டு ஓடுகிறார்கள். அடிமுடி தேடிய கதையில் தோற்றவராகச் சொல்லப்படும் திருமாலின் பெயர் அது! அந்த வழக்கத்தைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஓடிப் பார்த்த பிறகு.

விடிவதற்குச் சற்று முன் வெளியே வந்தபோது, கீழ்வானில் தேய்பிறைச் சதுர்த்தசியின் நிலாக்கீற்று தென்னந்தோப்புக்கு மேல் இருந்தது. இன்னும் அரைமணி நேரத்தில் அதுவும் வெளிச்சத்தில் கரைந்துவிடும். குளத்தில் குளித்துவிட்டு, அர்ச்சகர் வீட்டில் தந்த கஞ்சியைக் குடித்தோம். நோன்பிருந்தவர்களுக்குப் பாரணை, மற்ற இருவருக்கு அது வெறும் காலையுணவு. இட்லிச் செய்தியையும் அங்கேயே சொல்லிவிட்டோம்.

பழைய கட்டுரையில் அந்தப் பத்தியை நீக்கிவிடலாமா, அல்லது அடித்துத் திருத்திக் காட்டலாமா என்று பேருந்து நிறுத்தத்தில் பேசினோம். நீக்கினால் பிழை நடந்ததே தெரியாமல் போகும். அப்படியே விட்டு, கீழே திருத்தத்தைச் சேர்ப்பதென்று முடிவாயிற்று. அதைச் செய்துவிட்டோம். இனி எங்கள் கட்டுரைகளில் நேரில் கண்டது எது, நூலில் படித்தது எது என்று பிரித்தே எழுதுவோம். பழையவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். இதுவரை இரண்டில் ஐயம் இருக்கிறது. அந்த ஊர்களுக்கு மீண்டும் போக வேண்டும்.

அந்த ஆய்வு மாணவருக்கு அங்கிருந்தே தொலைபேசியில் சொன்னோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, “ஆய்வேட்டை முந்தாநாள்தான் பைண்டிங் கொடுத்தேன், சார்” என்றார். ஒரு தாளை மட்டும் மாற்ற முடியுமா என்று கடையில் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.