பாலாற்று மணலும் மாமல்லபுரக் கரையும்

மாமல்லபுரம் பக்கம் குப்பத்து வீடு ஒன்று இடிந்தால் ‘கடல் ஊருக்குள் வந்துவிட்டது’ என்கிறோம். கடல் மேல் பழி போடுமுன், கரைக்கு வர வேண்டிய மணல் எங்கே நின்றுபோனது என்று கேட்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை சாய்வாக மோதி மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திருப்புகிறது. வடக்கே தள்ளும் மாதங்களே அதிகம் என்பதால், ஆண்டு முடிவில் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போய்ச் சேர்கிறது. இதற்குச் சென்னைத் துறைமுகமே சாட்சி. 1876இல் தொடங்கிய அந்தக் கட்டுமானம் மணலின் வழியை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது.

செங்கல்பட்டுக் கரைக்கு மணல் தரும் ஆறு, வாயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறு. அந்த மணலைப் பல பத்தாண்டுகளாகக் கட்டடங்களுக்கு அள்ளினோம். மிஞ்சியதில் ஒரு பகுதியைத் தடுப்பணைகள் பிடித்துக்கொள்கின்றன. வரத்து குறைந்த கரையில்தான், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போடுகிறோம். அதன் தென்புறம் மணல் சேரும். படகை ஏற்றலாம், வலையை உலர்த்தலாம். வடபுறத்து ஊரில் கரைவலை இழுக்கக்கூட இடம் இருக்காது. கல்லில் சிக்கினால் வலையே கிழியும். பிறகு அந்த ஊரும் வளைவு கேட்கும்.

கடல் எக்காலத்திலும் கரையைத் தின்றதுதானே என்று கேட்கலாம். மாமல்லபுரத்துக் கோயில்கள் கடலில் மூழ்கின என்ற கதை 1788லேயே அச்சேறிவிட்டது. கரை முன்பும் அசைந்தது உண்மை. ஆனால் சுனாமிக்குப் பின், 2005இல், சாளுவன்குப்பத்தில் தோண்டியெடுத்த முருகன் கோயில் கிடைத்தது மணலுக்கு அடியில். கடல் எடுப்பதோடு கொடுக்கவும் செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கல் கொட்டாமல் கடற்கரைக் கோயிலைக் காத்திருக்க முடியுமா என்பது வலுவான கேள்வி. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பிய அந்தக் கோயிலை வேறிடத்துக்கு நகர்த்த முடியாது. அங்கே கல் தேவைதான். அந்த விதிவிலக்கை ஒவ்வொரு குப்பத்துக்கும் விதியாக்கியதே தவறு. 1980களின் துறைமுகக் கட்டுமானத்தால் கடற்கரையை இழந்த புதுச்சேரி, 2018இல் நீருக்கடியில் திட்டு அமைத்தும் மணல் கொட்டியும் அதில் ஒரு பகுதியை மீட்டது. இங்கும் அடுத்த கல்லைக் கொட்டுமுன், பாலாற்று முகத்துவாரம் முதல் முட்டுக்காடு வரை ஒரே கரையாக மணல் கணக்குப் பார்க்க வேண்டும். வடக்கே இழக்கப்போகும் ஊரையும் கேட்டே அனுமதி தர வேண்டும்.