அட்வான்ஸ் முதல் ஈ.பி மீட்டர் வரை... சென்னையில் வாடகை வீடு தேடுறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

வேலை கிடைச்சாச்சு. ஊரிலிருந்து பஸ் ஏறி கிளாம்பாக்கத்தில் இறங்கியாச்சு. நண்பன் ரூமில் ரெண்டு வாரம் ஒட்டிக்கலாம், அதுக்கு மேல அவனுக்கும் கஷ்டம், நமக்கும் கூச்சம். மொபைலில் ஆப்பைத் திறந்தா ஆயிரம் வீடு காட்டுது. போட்டோவில் எல்லாமே பளபளன்னுதான் இருக்கு. ஆனா, எந்த ஏரியா, எவ்வளவு அட்வான்ஸ், எதைக் கேட்கணும், எதில் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு யாரும் சொல்றதில்லை. அவசரத்தில் பிடித்த வீட்டை ஆறே மாசத்தில் காலி பண்ணி, அட்வான்ஸுக்காக ஓனர் வீட்டுக்கு நடையாய் நடப்பவர்கள் நம்ம நண்பர்கள் வட்டத்திலேயே ரெண்டு பேராவது இருப்பாங்க. அந்த லிஸ்ட்டில் நீங்க சேராமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு

12,000 ரூபாய் வாடகை நம்ம சம்பளத்துக்குத் தாங்கும்னு நினைப்போம். ஆனா, வீட்டுக்குள் கால் வைக்கும் நாளன்று தேவைப்படும் பணம் வேற. ஐந்து மாத அட்வான்ஸ்னா 60,000. முதல் மாத வாடகை 12,000. புரோக்கர் மூலம் போனால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷன், அது 12,000. ஆக 84,000 ரூபாய். இதில் சாமான் ஏற்றும் டெம்போ, கேஸ் அடுப்பு, பாய், பக்கெட் எதுவும் சேரலை.

வாடகையோடு மெயின்டனன்ஸும் உண்டா என முதல் போன் காலிலேயே கேட்டுடுங்க. லிஃப்ட், வாட்ச்மேன், ஜெனரேட்டர் உள்ள அப்பார்ட்மென்ட்களில் அது தனிக் கணக்கு. மாதாமாதம் கையை விட்டுப் போகும் மொத்தத் தொகை எதுவோ, அதுதான் உங்க உண்மையான வாடகை.

எந்த ஏரியா உங்களுக்கு?

`ஆபீஸுக்குப் பக்கத்தில்' என்பது நல்ல விதிதான். ஆனா, சென்னையில் `ரயிலுக்குப் பக்கத்தில்' என்பது அதைவிட நல்ல விதி. பீக் அவரில் 5 கிலோமீட்டர் பைக் பயணத்தைவிட, 12 கிலோமீட்டர் ரயில் பயணம் பல நாள் சீக்கிரம் முடியும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மந்தைவெளி: பழைய சென்னை. காய்கறி, மெஸ், கோயில், கடற்கரை எல்லாம் நடக்கிற தூரம். வீடுகள் பழசு, பார்க்கிங் சிரமம். பறக்கும் ரயில்தான் இங்கே வரம். திருமயிலையில் ஏறினால், டைடல் பார்க்குக்குப் பக்கத்திலிருக்கும் திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கலாம். ஓ.எம்.ஆரின் தொடக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் அங்கேயேதான் குடியிருக்கணும்னு இல்லை. தனி ஆளாக வந்து சில மாதம் தங்கிப் பார்க்க நினைக்கும் ஆண்களுக்கு திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இன்னும் இருக்கு. ரூம் சின்னது, ஆனா பெரிய அட்வான்ஸ் தலைவலி இல்லை.

மேற்கு மாம்பலம், அசோக் நகர், வடபழனி, கோடம்பாக்கம்: நகரத்தின் நடு. மாம்பலம், கோடம்பாக்கத்தில் மின்சார ரயில். அசோக் நகர், வடபழனியில் மெட்ரோ. எங்கே வேலை மாறினாலும் வீடு மாறத் தேவையிருக்காது. அந்த வசதிக்கான விலை வாடகையில் தெரியும். அதே வாடகைக்குப் புறநகரில் ஒரு ரூம் கூடவே கிடைக்கும்.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர்: வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தேடவே தேடாத வட சென்னை. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு இங்கிருந்து சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி போவது சுலபம். `அந்த ஏரியாவா?' என முகம் சுளிப்பவர்களின் பேச்சைக் கேட்டு ஒதுக்கிடாதீங்க. நேரில் போய்ப் பார்த்து முடிவு பண்ணுங்க. கொடுங்கையூர் குப்பைக்கிடங்குப் பக்கமும், மணலி, எண்ணூர் ஆலைகள் பக்கமும் வீடு பார்த்தால் காற்று எப்படி இருக்குன்னு காலை, இரவு ரெண்டு வேளையும் கவனிங்க.

பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி: ஐ.டி சாலை. புது அப்பார்ட்மென்ட், ஜிம், நீச்சல்குளம் கிடைக்கும். தண்ணீருக்குப் பல இடங்களில் லாரியைத்தான் நம்பணும். மெட்ரோ வேலை நடக்கும் சாலை என்பதால் நெரிசலையும் கணக்கில் வைங்க. பெருங்குடிக் குப்பைக்கிடங்கின் வாடை எந்தத் தெரு வரை வருதுன்னு மாலையில் ஒரு நடை நடந்து பாருங்க.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், கூடுவாஞ்சேரி: ஜி.எஸ்.டி சாலையும் மின்சார ரயிலும் சேர்ந்தே ஓடும் பகுதி. தெற்கே போகப் போக வாடகை இறங்கும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென் மாவட்டக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குக் கிளம்ப இதைவிட வசதியான இடம் இல்லை.

போரூர், ராமாபுரம், அம்பத்தூர், ஆவடி: மேற்குப் பக்கம். மணப்பாக்கம், ராமாபுரம் ஐ.டி வளாகங்களுக்கு முதல் ரெண்டும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின் ரெண்டும் தோது. அம்பத்தூர், ஆவடியில் சென்ட்ரலுக்கு நேர் ரயில் உண்டு. போரூருக்கு அந்த வசதி இல்லை.

தண்ணீர், கரன்ட், வெள்ளம்

வீட்டைப் பார்க்கும்போது டைல்ஸைப் பார்க்காதீங்க, குழாயைத் திறங்க. வருவது மெட்ரோ வாட்டரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா எனக் கேளுங்க. போர்னா உப்பா என நாக்கில் வைத்துப் பாருங்க. லாரின்னா அந்தக் காசு வாடகையில் அடக்கமா, தனியா எனக் கேளுங்க. கோடையில் நிலைமை என்னன்னு ஓனரைக் கேட்பதைவிட, எதிர் வீட்டு அக்காவைக் கேட்பது நல்லது. 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டை அவங்க மறந்திருக்க மாட்டாங்க.

அடுத்து ஈ.பி மீட்டர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்க போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு. மூணு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு, உள்ளே சப்-மீட்டர்னா, எல்லார் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து கட்டணம் மேல் படிக்கு ஏறும். அதற்கு மேல் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு தானே ஒரு ரேட் வைத்திருப்பார். ஏ.சி போட நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கேள்வி மாசம் ஆயிரக்கணக்கில் மிச்சம் பண்ணிக்கொடுக்கும்.

மூன்றாவது வெள்ளம். `இங்க தண்ணியே நிக்காதுங்க' என்பதுதான் எல்லா ஓனரும் சொல்வது. தெருமுனை மளிகைக்கடையில் ஒரு சோடா வாங்கிக்கொண்டு, `2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே?' எனக் கேளுங்க. அவர் கையை வைத்துக் காட்டும் உயரம்தான் பதில். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இந்தக் கேள்வியை மறக்கவே கூடாது. அதே ஏரியாவிலேயே மேடான தெருவும் இருக்கும், பள்ளமான தெருவும் இருக்கும். தரைத்தளம்னா சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கா, மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்குன்னு பாருங்க.

``நீங்க என்ன ஆளுங்க?''

பட்ஜெட் சரி, வீடும் பிடிச்சிருக்கு. அப்போதுதான் அந்தக் கேள்வி வரும். பேச்சலரா, அசைவம் சாப்பிடுவீங்களா, எந்த ஊர்க்காரங்க, குலதெய்வம் எது... எல்லாம் சுற்றி வளைத்து ஒரே இடத்துக்குத்தான் வரும். பெயரைக் கேட்டதுமே `வீடு முடிஞ்சிருச்சு' எனச் சொல்லப்படும் இஸ்லாமிய இளைஞர்கள், `தனியா இருக்கப்போறீங்களா?' எனக் கேட்கப்படும் பெண்கள் இந்த நகரத்தில் நிறைய. இதை மூடி மறைத்து எழுதுவதில் யாருக்கும் பயனில்லை.

வீடு தர மறுப்பவரை, தரச் சொல்லி வாடகைச் சட்டத்தை வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா, பொய் சொல்லி உள்ளே போவதும் தீர்வாகாது. மீன் குழம்பை ஜன்னலை மூடிக்கொண்டு பயந்து பயந்து சமைக்கும் வீடு, வீடே இல்லை. போன் காலிலேயே `நாங்க மூணு பசங்க, அசைவம் சமைப்போம், ஊரிலிருந்து அம்மா அப்பா வருவாங்க, நண்பர்களும் வருவாங்க' எனச் சொல்லிடுங்க. பத்துப் பேர் வேண்டாம் என்பார்கள். சரி என்கிற பதினோராவது ஆள்தான் உங்க ஓனர். உடன் வேலை பார்ப்பவர்கள் காலி பண்ணும் வீடுகளை முன்கூட்டியே கேட்டு வைப்பது இந்த அலைச்சலைப் பெரிதும் குறைக்கும். பழைய குடித்தனக்காரர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஓனர்களிடம் மதிப்பு அதிகம்.

அட்வான்ஸும் சட்டமும்

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கு. அதில் உங்களுக்குத் தேவையானவை:

* ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். இதற்கென அரசு இணையதளம் இருக்கு. `பதினோரு மாச அக்ரிமென்ட்தானே, எதுக்குப் பதிவு?' எனக் கேட்டால், எத்தனை மாதமானாலும் இந்தப் பதிவு வேணும்னு பொறுமையாகச் சொல்லுங்க.

* அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதுதான் சட்டம் வைக்கும் அளவு. ஆனா, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். எனவே பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்.

* காலி செய்தபின், நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரணும்.

* சண்டை வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையோ கரன்ட்டையோ ஓனர் நிறுத்தக் கூடாது.

* சுவர் விரிசல், பைப் லைன், ஒயரிங் போன்றவை ஓனர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சின்ன ரிப்பேர்கள் உங்க செலவு.

`காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை' என்ற வரி சென்னை ஒப்பந்தங்களில் சர்வ சாதாரணம். ஒரு வருடத்தில் காலி பண்ணினாலும் பிடிப்பார்களா, எத்தனை வருடம் இருந்தால் பிடிக்க மாட்டார்கள் என முன்கூட்டியே பேசி எழுதிக்கோங்க. நோட்டீஸ் காலம் ஒரு மாதமா, ரெண்டு மாதமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அட்வான்ஸையும் வாடகையையும் பேங்க் வழியாகவே அனுப்புங்க. பழைய வரி முறையில் ஹெச்.ஆர்.ஏ கழிவு கேட்பவர்கள், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தரணும். அதைத் தருவாரா என முதலிலேயே கேட்டுடுங்க.

இரண்டு பொறிகள்

ஒன்று, பார்க்காத வீட்டுக்கு டோக்கன். `நான் ராணுவத்தில் இருக்கேன், வெளியூர்ல போஸ்டிங், டோக்கன் மட்டும் அனுப்புங்க, சாவி கொரியர்ல வரும்' என்று வரும் அழைப்பை அப்படியே கட் பண்ணுங்க. பணம் வாங்க க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணத் தேவையே இல்லை. ஸ்கேன் பண்ணினால் பணம் போகும், வராது.

இரண்டு, லீஸ். `மொத்தமா சில லட்சம் குடுங்க, வாடகையே வேண்டாம், போகும்போது முழுசா திருப்பித் தர்றோம்' என்பது கேட்க இனிப்பாக இருக்கும். ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் இடைத்தரகர்கள் உண்டு. அந்த வீடு பேங்க் கடனில் ஏலத்துக்குப் போகவும் வாய்ப்புண்டு. ஓனரை நேரில் பார்க்காமல், வில்லங்கச் சான்றிதழில் அடமானம் இருக்கா எனப் பார்க்காமல், பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. அது உங்க அப்பா நிலத்தை அடகு வைத்துக் கொடுத்த பணமாக இருக்கலாம்.

சாவி வாங்கும் நாளில்...

காலி வீட்டை ஒரு ரூம் விடாமல் வீடியோ எடுங்க. சுவர்க் கறை, உடைந்த டைல்ஸ், ஓடாத ஃபேன், ஈ.பி மீட்டர் ரீடிங் எல்லாம் அதில் இருக்கட்டும். அன்றைக்கே அதை ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, `இப்படித்தான் இருக்கு சார், பார்த்துக்கோங்க' என ஒரு வரி எழுதுங்க. ஆதார் நகல் கொடுத்தால், எதற்காகக் கொடுக்கிறீங்க என்பதையும் தேதியையும் அதன் மேலேயே எழுதிக் கொடுங்க.

ரெண்டு வருடம் கழிச்சுக் காலி பண்ணும் நாளில், `இந்தக் கறை நீங்க பண்ணதுதானே?' என்று கேட்கும்போது வாதாட வேண்டியதில்லை. அந்த வீடியோவைக் காட்டினால் போதும்!