அறுபது நாளும் நான்கு கூட்டங்களும்: மாத்தளைத் தோட்டக் கம்பனியை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

கணக்காய்வுத் தாமதத்தை அளக்க இலங்கை ஆய்வாளர் பலர் கைக்கொள்ளும் முறை எளிது. நிதியாண்டு முடிந்த நாள் முதல் கணக்காய்வாளர் ஒப்பமிட்ட நாள் வரை எண்ணி, அந்த ஒற்றைத் தொகையைப் பணிப்பாளர் சபையின் அளவோடும் கணக்காய்வுக் குழுக் கூட்டங்களோடும் பொருத்துவார்கள். மாதிரியில் வருபவை பெரும்பாலும் கொழும்புப் பங்குப் பரிவர்த்தனைக் கம்பனிகள். ஐந்து மாதத்துக்குள் ஆண்டறிக்கை தரக் கடமைப்பட்டவை. தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தவர்களை எண்ணி, வேலைக்கு வராதோர் தொகையைச் சொல்வது போன்றது இது.

அந்த முறையை ஓர் அரசுடைமைக் கம்பனியில் வைத்துப் பார்க்கலாம். 1990களில் அரச தோட்டங்கள் கம்பனிகளாக்கப்பட்டபோது தோன்றியவற்றுள் ஒன்று, மாத்தளை மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கும் எல்கடுவ பிளான்டேஷன்ஸ். இத்தகைய அரசுடைமை நிறுவனங்களுக்கு 2003 ஜூன் 2ஆம் திகதி வெளிவந்த, அரச தொழில்முயற்சிகள் திணைக்களத்தின் பிஈடி 12 சுற்றறிக்கை இரண்டு தவணைகளை வைத்தது: நிதியாண்டு முடிந்து வரைவுக் கணக்கு 60 நாளுக்குள் கணக்காய்வாளர் தலைமை அதிபதியிடம் சேர வேண்டும், ஆண்டறிக்கை 150 நாளுக்குள் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். மேற்சொன்ன ஒற்றைத் தொகை வாசிப்பு இவ்விரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி, கணக்காய்வின் வேகத்துக்கான விதியாக எடுத்துக்கொள்கிறது.

அப்படிக் கொள்ள முடியாது. முதல் 60 நாளில் வரைவுக் கணக்கு கணக்காய்வாளர் கைக்கு வந்திருக்கத் தேவையில்லை. அது பெரும்பாலும் பணிப்பாளர் சபையின் காலம். எஞ்சிய 90 நாளைத்தான் கணக்காய்வாளரும், அமைச்சும், மொழிபெயர்ப்பும், அச்சகமும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதே சுற்றறிக்கை கணக்காய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்றது. ஆண்டுக்கு நான்கு கூட்டம் நடத்தி விதியை நிறைவேற்றிய குழு, அந்த 60 நாளுக்குள் ஒருமுறைகூடக் கூடாமல் இருந்திருக்கலாம். ஆகவே கூட்ட எண்ணிக்கைக்கும் தாமதத்துக்கும் தொடர்பில்லை என்று வரும் முடிவு, ஆளுகை பயனற்றது என்பதற்குச் சான்றாகாது. கேட்க வேண்டியது எத்தனை கூட்டம் என்பதன்று. எந்தத் திகதியில் கூட்டம் என்பதே. ‘வரைவு’ என்ற சொல்லும் வழுக்குகிறது: முழுமையற்ற கணக்கை அறுபதாம் நாளில் அனுப்பிவைத்தாலும் தவணை காத்ததாகவே பதிவாகும்.

தோட்டக் கணக்கில் இந்த முழுமையின்மை சிறிய விஷயமல்ல. மரங்களுக்கு மதிப்பீட்டாளர் வேண்டும். பணிக்கொடைக் கடப்பாட்டுக்குக் காப்புறுதிக் கணிப்பாளர் வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்தாண்டு நிறைந்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 14 நாள் சம்பளம் உரியது. இந்த அறிக்கைகளை யார் எப்போது கேட்டு வாங்குவது என்பது சபையின் வேலை. 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டமோ கணக்கில் இரு பணிப்பாளர் ஒப்பம் கேட்கிறது. ஆட்சி மாறித் தலைவர் விலகி, புதியவர் நியமனத்துக்குக் காத்திருக்கும் மாதங்களில் சபையின் சுயாதீனப் பணிப்பாளர் விகிதம் எதைச் சொல்லும்?

குருநாகல், சிலாபம் தோட்டக் கம்பனிகளும் அரசுடைமைதானே, அவற்றோடு ஒப்பிடலாமே என்று கேட்கலாம். தென்னையை முதன்மையாகக் கொண்ட அவற்றின் தொழிலாளர் கணக்கு வேறு. அந்த ஒப்பீடு இங்கே அதிகம் உதவாது.

ஒரே கம்பனியிலிருந்து பொதுவிதி எழுப்புவது அவசரம்தான். ஆனால் தாமதத்தை இரண்டாகப் பிரிக்கப் புதிய தரவு தேவையில்லை. அரச நிறுவனங்கள் மீதான கணக்காய்வு அறிக்கைகள் பலவற்றில், கணக்கு கையளிக்கப்பட்ட திகதி ஒரு வரியாகக் கிடக்கிறது.