அடையாற்றங்கரையில் கருவியும் ஆசிரியரும்

சென்னையின் தென்பகுதியில், சைதாப்பேட்டை முதல் கோட்டூர்புரம் வரை அடையாற்றை ஒட்டிய சில கிலோமீட்டர் நிலத்தில், பள்ளிகளுக்கான கருவிகளை வாங்கும் நிறுவனமும் பாடங்களைப் படம்பிடிக்கும் கூடமும் ஆசிரியரைப் பழக்கும் கல்லூரியும் அண்டைவீட்டாரைப் போலவே அமைந்துள்ளன; ஆயினும் கருவி முன்னே போவதும் பயிற்சி அதன் பின்னே ஓடுவதுமே இப்பகுதியின் கல்வி வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது.

இவற்றுள் மூத்தது சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. 1856இல் நார்மல் பள்ளியாக, அதாவது பாடம் நடத்தும் முறையையே பாடமாகக் கற்பிக்கும் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சைதாப்பேட்டையில் நிலைகொண்டது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ச. இராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி பெற்றதும் இங்குதான். கரும்பலகையில் எழுதுவதும் நிலப்படத்தைச் சுட்டி விளக்குவதும் அன்று பயிற்சிக்குரிய திறன்களாகவே கருதப்பட்டமையால், அக்காலக் கருவிகளைப் பொறுத்தவரை ஆசிரியர் அவற்றைக் கையாளக் கற்ற பின்னரே வகுப்பறைக்குள் நுழைந்தார்.

வானொலி இந்த வரிசையைக் குலைத்தது. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி தன் வானொலிச் சேவையைத் தொடங்கியபோது, இசையோடு மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்கான பாடங்களும் ஒலிபரப்பாயின. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் அமைந்து, பின்னர் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் கடற்கரைச் சாலைக்கு இடம்பெயர்ந்தது. ஒலிபரப்புப் பாடத்தை நிறுத்தவோ திரும்பக் கேட்கவோ இயலாது என்பதால், வானொலி நேரத்துக்கு ஏற்பப் பள்ளியின் கால அட்டவணைதான் வளைய வேண்டியிருந்தது. பாடம் ஒலிபரப்பான நேரத்தில் ஆசிரியரும் மாணவரோடு சேர்ந்து கேட்பவராகவே இருந்தார்.

கணினி வந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1984இல் நடுவணரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம், அதாவது பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்பும் முன்னோட்டத் திட்டம், நாடெங்கும் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட பிபிசி மைக்ரோ கணினிகளைத் தந்தது. ஆசிரியர்க்குக் கிடைத்தது குறுகிய காலப் பயிற்சி மட்டுமே. பாடத்திட்டத்தோடு ஒட்டாத அந்தப் பொறி பெரும்பாலும் தனி அறையில் பூட்டியே கிடந்தது. 1999 அளவில் தமிழக அரசு, நந்தனத்தில் தலைமையகம் கொண்ட எல்காட் என்னும் மாநில மின்னணு நிறுவனத்தின் வழியாக மேல்நிலைப் பள்ளிகளின் கணினிக் கல்வியைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தபோது, கணினியோடு அதைக் கற்பிப்பவரும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவே பள்ளிக்குள் வந்தார். பள்ளியின் நிரந்தர ஆசிரியர் அதில் விரல் வைக்க வேண்டிய தேவையே எழவில்லை என்பது இத்திட்டத்தின் பெருங்குறை.

அதே 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைக்கும் வரும்படி அமைந்த இதில், ககரத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானே விழுந்து ‘க்க’ என்றாகிவிடும்; ஙகரத்தை அடுத்துக் ககரம் தட்டினாலும் அவ்வாறே. தமிழ் இலக்கணத்தின் எழுத்து மயக்க விதியையே பொறிக்குள் வைத்த இந்த நேர்த்தியைத் தட்டச்சில் லோயர், ஹையர் தேறிப் பழைய பலகைக்கே விரல் பழகியிருந்தவர்கள் எளிதில் ஏற்கவில்லை. அம்மாநாட்டில் அறிவிக்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், கோட்டூர்புரத்தில் அமைந்தது.

இந்நகரப் பள்ளிகளில் ஆழமான மாற்றத்தை நிகழ்த்தியது கணினியன்று, அட்டை. 2003இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குச் சென்று அங்குள்ள முறையைக் கண்டுவந்த ஆசிரியர்களே தமிழ்ப் பாடங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளாக்கினர். சுவரில் ஏணிப்படி அட்டவணை, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கீழ்நிலைக் கரும்பலகை, அவர்கள் வரைந்தவற்றைத் தொங்கவிடத் தலைக்குமேல் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படியேறலாம் என்னும் கருத்தை, பின்னாளில் மென்பொருள் விற்போர் புதுமை என விளம்பரப்படுத்தியதற்கு முன்பே, மின்சாரமில்லாமல் இந்த அட்டைகள் நடைமுறைப்படுத்தின. அட்டையை உண்டாக்கியவர்களே அதைப் பயன்படுத்துவோராகவும் பிறர்க்குப் பயிற்றுவோராகவும் இருந்தமையால் இங்குப் பயிற்சி கருவிக்குப் பின்தங்கவில்லை.

2011 செப்டம்பரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2018இல் வெளியான புதிய பாடநூல்களில், விரைவுத் துலங்கல் குறியீடு எனப்படும் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சாகி, கைபேசியின் கேமராவை அதன்மேல் பிடித்தால் பாடத்துக்குரிய காணொலி திறக்கும் வசதி வந்தது. ஆனால் மாணவர் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பதால், அந்தக் கட்டத்தைத் திறக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தக் கைபேசியையும் அவர் காசுபோட்டு வாங்கிய இணைய இணைப்பையும் சார்ந்தே நின்றது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தின் எட்டாம் தளத்தில் கூடம் அமைத்துக்கொண்டது. அங்கு ஒளிப்பதிவுக் கருவியின் முன் நின்றோர் பலரும் அரசுப் பள்ளி ஆசிரியர்களே; பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020இல் அவர்கள் பாடங்கள் வீடுகளுக்குள் சென்றன. 1930இன் கேட்பவர் இப்போது ஒளிபரப்புபவர் ஆனார்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு அரசு கையடக்கக் கணினி வழங்கியது 2024இல், அதாவது மாணவர் மடிக்கணினி பெறத் தொடங்கி 13 ஆண்டுகள் கழித்து. வருகைப் பதிவையும் மதிப்பீட்டையும் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் ஏற்றும் வேலைக்கு அதுவரை ஆசிரியரின் சொந்தக் கைபேசியே பயன்பட்டு வந்தது.