கூலி பாக்கி கேட்டு வந்த பட்டாளம்

முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாயின் கையில் அரசாங்கம் கொடுத்தனுப்பியது 60 டாலர். அதோடு வழிச்செலவு. போர்முனையில் அவனுக்கு மாதச் சம்பளம் 30 டாலர் சொச்சம். குடும்பப் பிடித்தம், இன்ஷூரன்ஸ் பிடித்தம் எல்லாம் போக மிச்சம் கைச்செலவுக்கே பற்றாது. அதே நாட்களில் உள்ளூரில் கப்பல் கட்டும் தளத்தில் ஆணி அடித்தவன் அதைப்போலப் பல மடங்கு சம்பாதித்திருந்தான்.

நான் ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். பட்டாளத்தை விட்டு வரும்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில். மாதம் பிறந்தால் பென்ஷன் வங்கியில் விழுகிறது. அது மட்டும் இல்லாதிருந்தால் என் குடும்பம் எங்கே நின்றிருக்கும் என்று நினைக்காத நாளில்லை. அமெரிக்கச் சிப்பாய்களின் 1932-ஆம் ஆண்டுக் கதையை நான் தேடித் தேடிப் படித்ததற்கு அதுதான் காரணம்.

போரில் இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1924-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஜனாதிபதி கூலிட்ஜ் மறுத்தும் நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை நிறைவேற்றியது. உள்நாட்டில் பணிபுரிந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டாலர், கடல் கடந்து போன ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றேகால் டாலர். ஆனால் 50 டாலருக்கு மேல் பாக்கி உள்ளவனுக்குப் பணம் கிடையாது, ஒரு பத்திரம்தான். வட்டியும் சேர்த்துச் சராசரியாக ஆயிரம் டாலர் வரும். அதை மாற்றிக்கொள்ளும் ஆண்டு 1945. முன்னாலேயே செத்துப்போனால் குடும்பத்துக்குக் கிடைக்கும். கல்லறை போனஸ் என்று சிப்பாய்கள் அதற்குப் பேர் வைத்ததில் வியப்பில்லை.

1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. 1932-க்குள் நாலு பேரில் ஒருவனுக்கு வேலை இல்லை. வாடகை கொடுக்க முடியாதவர்கள் ஊர் ஓரங்களில் தகரக் கொட்டகை போட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேரின் சட்டைப்பையில் இந்தப் பத்திரம் மடித்து இருந்தது. பதிமூன்று வருஷம் கழித்து வரும் பணத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு எப்படி உலை வைப்பது? டெக்சாஸின் காங்கிரஸ் உறுப்பினர் ரைட் பேட்மன், தாமும் படையில் இருந்தவர், பணத்தை உடனே கொடுக்க மசோதா கொண்டுவந்தார். அதற்கு ஆகும் செலவு ஏறத்தாழ 240 கோடி டாலர்.

ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் வால்டர் வாட்டர்ஸ் என்றொரு முன்னாள் சார்ஜென்ட் இருந்தார். பழம் டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்து, அதையும் இழந்தவர். 1932 மே மாதம் ஏறக்குறைய 300 பேரைச் சேர்த்துக்கொண்டு சரக்கு ரயிலில் தொற்றி ஏறி வாஷிங்டனுக்குக் கிளம்பினார். ரயில் கம்பெனிகள் தடுத்துப் பார்த்தன. மாநில அரசுகளோ, நம் எல்லையைத் தாண்டினால் போதும் என்று லாரி பிடித்து அனுப்பி வைத்தன. செய்தி பரவி நாலா திசையிலிருந்தும் ஆட்கள் கிளம்பினார்கள். ஜூன் நடுவில் தலைநகரில் இருந்த முன்னாள் வீரர்கள் 20,000 பேர் வரை. மனைவி மக்களோடு வந்தவர்களையும் சேர்த்தால் 40,000 என்று சொல்வோரும் உண்டு.

பெரிய முகாம், ஆற்றுக்கு அக்கரையில் அனகாஸ்டியா சேற்று நிலத்தில் அமைந்தது. பக்கத்துக் குப்பைமேட்டில் கிடைத்த தகரம், முட்டைப் பெட்டிப் பலகை, பழைய கார்க் கூடு, அட்டை இவற்றைக் கொண்டு குடிசை போட்டார்கள். இதுவரை பார்த்தால் எந்த ஊர்ச் சேரிக்கும் பொருந்தும். பட்டாளத்துக் கண்ணோடு பார்ப்பவனுக்கு மற்றது தெரியும். தெருக்களை நேர்கோட்டில் போட்டிருந்தார்கள். கக்கூஸ் குழிகளை முறையாக வெட்டினார்கள். காலையில் பிகிள் ஊதியது. டிஸ்சார்ஜ் பத்திரத்தைக் காட்டினால்தான் பெயர் எழுதிக்கொள்வார்கள். குடிக்கத் தடை, பிச்சை எடுக்கத் தடை, புரட்சி பேசத் தடை. சொந்தமாக ஒரு பத்திரிகைகூட அச்சிட்டார்கள். எங்கே கொண்டு போட்டாலும் முதலில் குழி வெட்டிக் கயிறு கட்டி வரிசை பிடிக்கும் அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். பசியோடு இருக்கும்போதும் அதை விடாதவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இன்னொன்றும் நடந்தது. போரின்போது அமெரிக்கப் படையில் கறுப்பர்களுக்குத் தனிப் படைப்பிரிவு. அனகாஸ்டியாவில் கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் இருந்தார்கள், ஒரே வரிசையில் சோறு வாங்கினார்கள். நேரில் போய்ப் பார்த்த கறுப்பினப் பத்திரிகையாளர் ராய் வில்கின்ஸ் இதைப் பத்திரிகையில் எழுதினார்.

நகரப் போலீஸ் தலைவர் பெல்ஹாம் கிளாஸ்ஃபோர்ட் பிரான்சில் போரிட்ட ஜெனரல். மோட்டார் சைக்கிளில் முகாம் முகாமாகச் சுற்றி சாப்பாட்டு நிலவரம் விசாரித்தார், கைக்காசையும் போட்டார். சிப்பாய்கள் அவரையே பொருளாளராக வைத்துக்கொண்டார்கள். செல்வச் சீமாட்டி எவலின் மெக்லீன் ஓர் இரவு உணவகத்துக்குப் போய் ஆயிரம் சாண்ட்விச் வாங்கி அனுப்பினார். நம் கோல்கொண்டா பகுதியில் எடுத்த ஹோப் வைரம் அப்போது அவரிடம்தான் இருந்தது. நல்ல மனசுதான். ஆனால் ஆயிரம் சாண்ட்விச் ஒரு வேளைக்குத்தான் காணும்.

பேட்மன் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை ஜூன் 15 அன்று நிறைவேற்றியது. இரண்டு நாள் கழித்து செனட் 62-க்கு 18 என்று தள்ளிவிட்டது. வெளியே படிக்கட்டில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். கல்லெறிவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. அவர்கள் தேசபக்திப் பாட்டுப் பாடிவிட்டு அணிவகுத்து முகாமுக்குத் திரும்பினார்கள். ஊருக்குப் போக ரயில் கட்டணத்தைக் கடனாகத் தருகிறோம், பிறகு பத்திரத்தில் கழித்துக்கொள்வோம் என்றது அரசு. சிலர் போனார்கள். போக வீடே இல்லாதவன் எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பான்?

ஜனாதிபதி ஹூவர் அவர்களுடைய தலைவர்களைச் சந்திக்கவே இல்லை. குற்றவாளிகளும் கம்யூனிஸ்டுகளும் நிறைந்த கூட்டம் என்று அவருடைய அரசு சொன்னது. அதே அரசின் படைவீரர் நலத்துறை எடுத்த கணக்கு வேறு மாதிரி இருந்தது: வந்தவர்களில் 94 சதவீதம் பேருக்குப் படைப் பதிவு இருந்தது, மூன்றில் இரண்டு பங்கினர் கடல் கடந்து போனவர்கள், ஐந்தில் ஒருவர் ஊனமுற்றவர்.

ஜூலை 28 அன்று பென்சில்வேனியா அவென்யூவில் பாழடைந்த கட்டடங்களில் தங்கியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். தள்ளுமுள்ளில் போலீஸ் சுட்டது. லிதுவேனியாவிலிருந்து குடியேறிய வில்லியம் ஹஷ்கா அங்கேயே இறந்தார். எரிக் கார்ல்சன் பிறகு இறந்தார். பிற்பகலில் தரைப்படைத் தளபதி டக்ளஸ் மக்கார்தர் தாமே இறங்கினார். குதிரைப்படை உருவிய வாளோடு வந்தது. பின்னால் சில டாங்கிகள், துப்பாக்கி முனையில் ஈட்டி செருகிய காலாட்படை, கண்ணீர்ப்புகை. தங்களைக் கௌரவிக்கத்தான் அணிவகுப்பு நடக்கிறது என்று நினைத்துச் சில முன்னாள் வீரர்கள் கைதட்டினார்கள். பாலத்தைத் தாண்டி அனகாஸ்டியாவுக்குப் போக வேண்டாம் என்று ஹூவர் சொல்லியனுப்பினார். மக்கார்தர் போனார். அன்றிரவு முகாம் எரிந்தது.

குதிரைப்படையில் இருந்த அதிகாரி ஒருவர் மேஜர் ஜார்ஜ் பேட்டன். 1918 செப்டம்பரில் ஆர்கோன் போரில் அவர் தொடையில் குண்டு பட்டுக் கிடந்தபோது, ஜோ ஆஞ்சலோ என்ற சிப்பாய்தான் குழிக்குள் இழுத்துப் போட்டுக் கட்டுப்போட்டுக் காப்பாற்றினார். அதற்காகச் சிறப்புப் பதக்கமும் பெற்றார். வேலை இல்லாத ஆஞ்சலோ 1931-இல் நியூஜெர்சியிலிருந்து நடந்தே வாஷிங்டன் வந்து, பதக்கத்தை மாட்டிக்கொண்டு காங்கிரஸ் குழுமுன் சாட்சி சொன்னார். மெலிந்துபோன ஆள். முகாம் எரிந்த மறுநாள் காலை பேட்டனைப் பார்க்க வந்தார். இவரைத் தெரியாது, கூட்டிப் போங்கள் என்றார் பேட்டன். ஆஞ்சலோ போனபிறகு, இவர்தான் என்னைக் காப்பாற்றியவர் என்று கூட இருந்த அதிகாரிகளிடம் சொன்னார். பேட்டன் குடும்பம் ஆஞ்சலோவுக்குப் பண உதவி செய்து வந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். செய்திருக்கட்டும். ரத்தம் வடியக் கிடந்தவனை இழுத்துப் போட்ட கையை எல்லார் முன்னிலும் தெரியாது என்று சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஹஷ்காவை ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

தியேட்டர்களில் முகாம் எரிந்த காட்சி செய்திப்படமாக ஓடியது. நவம்பர் தேர்தலில் ஹூவர் தோற்றார். அடுத்து வந்த ரூஸ்வெல்ட் மட்டும் என்ன, முதல் மாதத்திலேயே படைவீரர் உதவித்தொகையில் கைவைத்தார். ஆனாலும் 1933 மே மாதம் மறுபடி வந்தவர்களுக்குக் கூடாரமும் சாப்பாடும் கொடுத்தார். அவருடைய மனைவி எலினோர் சேற்றில் நடந்துபோய் அவர்களோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். காடு வளர்ப்புப் பணியில் 25,000 பேருக்கு இடம் ஒதுக்கினார்கள். வேறு சிலரை ஃபுளோரிடாவின் தீவுகளில் சாலை போட அனுப்பினார்கள். கடலோரத்தில் லேசான கொட்டகைகள். 1935 செப்டம்பர் 2 அன்று பெரும்புயல் அடித்தது. ஏற்றி வர அனுப்பிய ரயில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அலை வந்து பெட்டிகளைப் புரட்டிப் போட்டது, எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. இறந்த முன்னாள் வீரர்கள் 250-க்கும் மேல். தொல்லை கண்ணுக்கு மறைந்தால் போதும் என்று ஆட்களைத் தூர அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

1936 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் பத்திரப் பணத்தைக் கொடுக்கச் சட்டம் நிறைவேற்றியது. நாடு திவாலாகவில்லை. அடுத்த போர் முடியும் முன்பே, அனகாஸ்டியா மறுபடி வேண்டாம் என்ற பயத்தோடு, 1944 ஜூன் 22 அன்று திரும்பி வரும் சிப்பாய்களுக்கான ஜி.ஐ. சட்டம் கையெழுத்தானது. வேலை கிடைக்கும்வரை வாரம் 20 டாலர், ஓராண்டுக்கு. கல்லூரிக் கட்டணம். வீடு வாங்க அரசு உத்தரவாதத்தோடு கடன். ஏறக்குறைய 78 லட்சம் பேர் படிப்புக்கும் பயிற்சிக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். அனகாஸ்டியாவில் ஒரே வரிசையில் நின்ற கறுப்பனை மட்டும் வங்கி வரிசையில் தள்ளி நிறுத்தினார்கள்: 1947-இல் மிசிசிப்பியில் உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பர்களுக்குப் போனவை இரண்டே இரண்டு.

வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்கு அந்த அளவு கைகொடுக்க நாடு மனம் வைக்கவில்லை. 1980-களில் பாலத்தடியிலும் பூங்காவிலும் அவர்கள் படுத்திருந்தார்கள். 1988-இல் சான் டியேகோ நகரில் பழைய சிப்பாய்களே மூன்று நாள் கூடாரம் போட்டு, குளிக்கவும் முடி வெட்டவும் டாக்டரைப் பார்க்கவும் வழி செய்தார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றமே கூடாரத்துக்கு வந்தது; தெருவில் படுத்ததற்கான அபராத வழக்கெல்லாம் தீர்ந்தால்தானே வேலைக்கு மனுப் போட முடியும்.

குடியை விடு, மருந்து சாப்பிடு, பிறகு வீடு என்பதுதான் வெகுகாலம் விதியாக இருந்தது. பின்னாளில் பெரிய அளவில் அதைத் திருப்பிப் போட்டார்கள். வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை முன்னாள் வீரர் கொடுக்க, மீதி வாடகையை அரசு கட்டும். முதலில் சாவி, மருத்துவமும் ஆலோசனையும் அந்த வீட்டுக்கே தேடி வரும். 2010 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடற்ற முன்னாள் வீரர்கள் 74,000-க்கும் மேல். 2024 கணக்கில் 32,882. பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. மீதிப் பேருக்கும் வீடு தர அந்த நாட்டிடம் பணம் இருக்கிறது, வழியும் தெரிந்திருக்கிறது. இனிக் காரணம் சொல்ல அதற்கு உரிமை இல்லை.